எட்டு வயதுக்காரி

மந்தின் தோட்டம்
12 மார்ச் 1944

அன்புள்ள அக்கா,

உங்கள் ராசனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று செய்தி வந்த அன்றே சிரம்பானுக்கு வர பாஸ் கேட்டேன். ஆபீசில் இருக்கிற சப்பான்காரன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மறுபடி கேட்கப் போய் நின்றபோது, பிள்ளை போய்விட்டான் என்று ஐயா வந்து சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு ஊசி மருந்து இல்லாத காலம். அதைப்பற்றி மேலே எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் என்மேல் கோபமாக இருப்பதாக அத்தான் எழுதியிருந்தார். கோபமாகவே இருங்கள், ஆனால் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசியுங்கள்.

அம்மா இல்லாத இந்த வீட்டில் ஐயாவும் நானும்தான்; ஐயா இன்னும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற டிரசர் வேலையைத்தான் பார்க்கிறார். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. புண்ணுக்கு உப்புத் தண்ணீர், காய்ச்சலுக்கு வேப்பிலைத் தண்ணீர். வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாவில் இப்போது யார் யாரோ இருக்கிறார்கள். நான், தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விடுகிற ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுப்பதைவிட அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகம். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது மனவளர்ச்சி என்று ஒரு பாடம் படித்தேன், நினைவிருக்கிறதா? பிறந்ததிலிருந்து கிழவராகும்வரை மனது எப்படி மாறுகிறது என்ற படிப்பு. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை உண்டு, அதை அந்த வயதில் செய்யாமல் விட்டால் பிறகு எங்கோ இடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

இங்கே பஞ்சாலை என்று ஒரு பிள்ளை. எட்டு வயது. தகப்பன் சன்னாசியைப் போன வருசம் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது தாய் ராக்கம்மா பிள்ளைத்தாச்சி. ஆண்பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில், காய்ச்சலில் அவளும் போய்விட்டாள். பக்கத்து வீட்டு மங்கம்மா தன் பிள்ளைக்குப் போக மிச்சப் பாலைக் காலையில் ஒருமுறை கொடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் அந்தக் கைக்குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டுவது, கழுவுவது, தூங்கவைப்பது எல்லாம் இந்த எட்டு வயதுக்காரிதான். அவனை இடுப்பில் வைத்து வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கிறாள். மங்கம்மாவோடு நின்று, "இந்த வாரம் அரிசியில பாதி கல்லுதான் அக்கா" என்று பெரிய மனுசி மாதிரிக் கதைக்கிறாள். மற்றப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால், "எனக்கு வேல இருக்கு" என்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்கா, நான் நேராகக் கேட்கிறேன். அந்தக் குழந்தையை நீங்கள் எடுத்து வளர்க்கமுடியுமா? அத்தானுக்கு ரயில்வேயில் கிடைக்கிற அரிசியும் பாலும் இங்கே இல்லை. அவன் பிழைப்பான். இவளும் பிள்ளையாக இருப்பாள். உங்களுக்கும் அது நல்லது என்று நினைக்கிறேன்.

திலகம்

&nbsp;

சிரம்பான்
27 மார்ச் 1944

திலகம்,

உன் கடிதத்தைத் தோட்டத்து லாரிக்கார ஆறுமுகம் கொண்டுவந்து தந்தார். லாரியை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் இல்லை என்று அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன், அடுத்தமுறை வரும்போது கொடுக்க.

உனக்கு நான் பாடப்புத்தகத்தில் எத்தனையாவது பக்கம்? பிள்ளை செத்த தாய்க்கு இன்னொரு பிள்ளையைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று போட்டிருக்கிறதா? ராசனுடைய சட்டைகள் இன்னும் கொடியில் கிடக்கின்றன. எடுக்க மனமில்லை. மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது. உன் அத்தான் எடுத்தால் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிறேன். இப்படி இருக்கிறேன் நான். உனக்கு விளங்குமா?

அத்தானிடம் சொன்னேன். "தோட்டத்துக் கூலிப் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தால் நம்முடைய ஆட்கள் என்ன கதைப்பார்கள்" என்றார். பிறகு, "பிள்ளைக்கு நெஞ்சுச் சளி இருக்கிறதா என்று கேள்" என்றார். அவர் கேட்கச் சொன்னதால் கேட்கிறேன். சளி இருக்கிறதா? தாய் செத்தது என்ன காய்ச்சலில்? தகப்பனுக்கு ஆட்கள் யாரும் இல்லையா? அந்த எட்டு வயதுப் பெட்டை தம்பியை விட்டுக்கொடுக்குமா?

இதை நான் சம்மதித்ததாக எடுக்காதே.

கமலா

&nbsp;

மந்தின் தோட்டம்
2 மே 1944

அன்புள்ள அக்கா,

பிள்ளையைக் கொண்டுவரட்டும் என்று நீங்கள் ஆறுமுகத்திடம் சொல்லி அனுப்பியபடி, நேற்று ஐயா லாரியில் வந்து அவனை உங்கள் கையில் தந்திருப்பார். வழியில் அழுதானா? ஐயா திரும்பி வந்து "கொடுத்திட்டன்" என்றார், போய்ப் படுத்துக்கொண்டார்.

இங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். பஞ்சாலையிடம் ஒரு வாரமாகச் சொல்லிவந்தேன். சிரம்பானில் என் அக்கா இருக்கிறார், பால் கிடைக்கும், தம்பி கொழுத்துவிடுவான் என்றேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சரம்மா" என்றாள். காலையில் அவனைக் குளிப்பாட்டி, காதுக்குப் பின்னால் இருக்கிற புண்ணுக்கு எண்ணெய் வைத்துக் கொண்டுவந்தாள். லாரிக்குப் பக்கத்தில் நின்று, மாலையில் வயிற்றைப் பிசைந்துவிட்டால்தான் அவன் தூங்குவான் என்று ஐயாவிடம் சொன்னாள். ஐயா தலையாட்டினார்.

லாரி புறப்பட்ட பிறகு என்னிடம் கேட்டாள்: "எப்பங்க திருப்பிக் கொண்டாருவாங்க?"

நான் "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள், அந்த வயதுப் பிள்ளைகளின் மனம் வளையக்கூடியது என்று நினைக்கிறேன்.

அவளை எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். என் அறையில் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைக்கப் போகிறேன்.

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள்.

திலகம்

&nbsp;

சிரம்பான்
28 மே 1944

என் திலகம்,

இரண்டு வரி கேட்டாய். நான் எங்கே தொடங்குவது?

வந்தபோது அவன் ஒரு பூனைக்குட்டி அளவு. கையில் எலும்பு குத்தியது. முதல் வாரம் முழுக்கப் பாலைக் கக்கினான். அத்தான் எங்கேயோ ஒரு சீனக் கிழவியிடம் ஆட்டுப்பால் பிடித்தார். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்குத் தெரியுமே, முருகேசு கிராணி என்றால் ஆபீசில் கணக்கெழுதுகிற மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அவர் ஒரு குப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வருகிறார். பிள்ளை இப்போது குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்குகிறான். காலைப் பிடித்து வாயில் வைக்கிறான். எனக்கு இப்போது பசிக்கிறது, திலகம். ஜனவரியிலிருந்து எனக்குப் பசி என்ற ஒன்றே இருந்ததில்லை.

கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்துவிட்டேன். வெட்டிச் சிறிதாக்கித் தைத்து அவனுக்குப் போட்டிருக்கிறேன்.

பெயரையும் வைத்துவிட்டேன். இராஜமாணிக்கம். ராசன் என்றுதான் கூப்பிடுகிறேன். இதற்கு நீ ஒன்றும் எழுதாதே. என் வாய்க்கு வேறு பெயர் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்கள் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

உன் அக்கா
கமலா

&nbsp;

மந்தின் தோட்டம்
25 ஜூன் 1944

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்குச் சந்தோசமாக இருந்தது. பெயரைப் பற்றி எழுதவேண்டாம் என்கிறீர்கள். எழுதாமல் இருக்க முயல்கிறேன், ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். அவனுக்கு இங்கே பெயர் வைக்காததற்குக் காரணம் இருந்தது. "எங்கப்பா வந்துதான் வைக்கணும்" என்று பஞ்சாலை சொல்லிவைத்திருந்தாள். அதுவரை தம்பி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள்.

நான் எழுத நினைத்தது அவளைப் பற்றித்தான். நான் எதிர்பார்த்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகளோடு உட்காரவைத்தால் உட்காருகிறாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள். முன்பு வாய் ஓயாமல் அரிசியையும் கல்லையும் பற்றிக் கதைத்த பெட்டை இப்போது கேட்டதற்கு மட்டும் தலையாட்டுகிறாள். இடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறாள். ஆயாக் கொட்டகையில் எந்தக் குழந்தை அழுதாலும் ஓடுகிறாள், வாசலில் நின்றுவிடுகிறாள், உள்ளே போவதில்லை.

போன வாரத்திலிருந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறாள், விழுங்குவதில்லை. வயிற்றில் பூச்சியோ என்று ஐயா வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். பூச்சி இல்லை. காய்ச்சலும் இல்லை.

நான் சுமையை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவளை நிமிர்த்தி வைத்திருந்ததே அதுதான் போல. தகப்பன் போய், தாய் போய், மிச்சமிருந்த ஒன்றுக்காகத்தான் அவள் விடிந்தால் எழுந்தாள். அதையும் நான் எடுத்து லாரியில் ஏற்றிவிட்டேன். ஒரு பிள்ளை அமைதியான வீட்டில், தாய் தகப்பனோடு எப்படி வளரும் என்பதைத்தான் நான் படித்தேன். கூலி வீடுகள் வரிசையாக இருக்கிற இந்த லயத்தில் எட்டு வயது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை.

அக்கா, கேட்கக் கூசுகிறது. பிள்ளையைத் திருப்பி அனுப்பமுடியுமா?

திலகம்

&nbsp;

சிரம்பான்
9 ஜூலை 1944

திலகம்,

முடியாது.

நீ கொடுப்பாய், பிறகு கேட்பாய். நடுவில் ஒருத்தி இருப்பது உனக்குத் தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் மனதை இவ்வளவு ஆராய்கிறாய். முப்பத்திரண்டு வயதுப் பொம்பிளையைப் பற்றி உங்கள் படிப்பில் ஒன்றும் இல்லையா? எத்தனை வயதில் ஒருத்தி தாயாக இருப்பதை நிறுத்தவேண்டும் என்று சொல்லித்தந்தார்களா? ஒருமுறை இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு முறை நான் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

அங்கே கொண்டுவந்தால் அவன் எதைக் குடிப்பான்? கஞ்சித் தண்ணீரையா? அவன் செத்தால் அந்தப் பெட்டை பிழைத்துவிடுமா? யோசித்துப் பார்.

அவளுக்கு நாலு நாள் கஷ்டமாக இருக்கும். பிறகு சரியாகும். பிள்ளைகளின் மனம் வளையக்கூடியது என்று நீதானே எழுதினாய்.

பெயரைப் பற்றி எழுதவேண்டாம் என்று சொல்லியும் எழுதினாய்.

கமலா

&nbsp;

மந்தின் தோட்டம்
20 ஆகஸ்ட் 1944

அன்புள்ள அக்கா,

இதோடு ஆறுமுகத்தையும் கேளுங்கள், அவரே சொல்வார். பஞ்சாலையை வழியில் கண்டுபிடித்தது அவர்தான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளைக் காணவில்லை. ஆற்றங்கரை, ரப்பர்க் காடு, தாயைப் புதைத்த இடம் எல்லாம் தேடினோம். சிரம்பானிலிருந்து திரும்பிவந்த ஆறுமுகம் மலை வளைவில் சாலையோரம் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. லாரி போன பக்கமாக நடந்திருக்கிறாள். உள்ளங்கால் வெடித்து இரத்தம். வழியில் சப்பான் காவல் ஒன்று இருக்கிறது, அதை எப்படித் தாண்டினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

"எங்கடி போற" என்று அவர் கேட்டாராம். "தம்பிக்குப் பால் நேரமாச்சு" என்றாளாம்.

ஐயா அவள் காலைக் கழுவிக் கட்டினார். உங்களுக்கு இதுவரை எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஐயா முன்போல் இல்லை. தன்னுடைய சோற்றில் பாதியை ஒரு துணியில் கட்டித் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிறார். நான் கண்டால், "இது என்ரை, எடுக்காதை" என்கிறார். வேலை நேரத்தில் டிரசராக இருக்கிறார், வீட்டுக்கு வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலாகிவிடுகிறார். எட்டு வயதுக்காரி கிழவியாகிறாள், அறுபது வயதுக்காரர் பிள்ளையாகிறார். பசி எங்களுடைய வயதையெல்லாம் குலைத்துப்போட்டுவிட்டது.

பிள்ளையைத் தாருங்கள் என்று இனிக் கேட்கமாட்டேன். நீங்கள் எழுதியது சரி, இங்கே அவன் பிழைக்கமாட்டான். ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். உயிரோடு இருக்கிறான் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். அவள் என் சொல்லை நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது.

திலகம்

&nbsp;

சிரம்பான்
17 செப்டம்பர் 1944

திலகம்,

பிள்ளையோடு வந்துபோனதிலிருந்து எழுதவேண்டும் என்று இருந்தேன். அங்கே வைத்து உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. லாரி நிற்கிறது என்று சாட்டுச் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். உண்மையில் ஆறுமுகம் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருப்பார்.

நான் சண்டைக்குத்தான் வந்தேன். அந்தப் பெட்டை பிடித்து இழுத்தால் என்ன சொல்வது, நீ அழுதால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆயாக் கொட்டகை வாசலில் அவள் நின்றாள். கட்டுப்போட்ட கால், குச்சிபோல் கை. "தூக்கு" என்று பிள்ளையை நீட்டினேன். கையைப் பாவாடையில் இரண்டுதரம் துடைத்துவிட்டு வாங்கினாள்.

அவன் வீரிட்டுக் கத்தினான். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு என் பக்கம் பாய்ந்தான். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது, திலகம். நீ என் முகத்தைப் பார்த்திருப்பாய். ஒரு பிள்ளையை வென்றுவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன்.

அவள் கோபப்படவில்லை. என் தோளில் அவன் தலையைச் சாய்த்ததும் பக்கத்தில் வந்து அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைத் தடவிப் பார்த்தாள். காதை மடக்கிப் பின்னால் பார்த்தாள். "புண்ணு ஆறிப்போச்சு" என்றாள். "குண்டாயிட்டான்" என்றாள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அது யார் பேருங்க?"

என் மகனுடையது என்றேன். அவன் எங்கே என்றாள். செத்துப்போனான் என்றேன். யாரிடமும் நான் அந்தச் சொல்லை அதுவரை வாய்திறந்து சொன்னதில்லை. போய்விட்டான் என்றுதான் சொல்வேன். அவள், "எங்கம்மாவும் செத்துப்போச்சு" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவள் என்னிடம் பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பிள்ளையை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தேன். இப்போது தம்பி என்கிறேன். திரும்பிப் பார்க்கிறான். ராசன் என்ற பெயர் ராசனுக்கு மட்டும் இருக்கட்டும்.

அவள் சாப்பிடுகிறாளா என்று எழுது.

கமலா

&nbsp;

மந்தின் தோட்டம்
22 அக்டோபர் 1944

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் போன பிறகு அவள் கிணற்றுக்குள் விழுந்த கல்லைப்போல ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். நான் பயந்துகொண்டே இருந்தேன். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வேறொரு பெட்டை அவளுடைய தகரக் குவளையைப் பிடுங்கிக்கொண்டாள். சின்ன விசயம், பிள்ளைகளுக்குள் தினமும் நடப்பது. இவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சாதாரண அழுகை இல்லை. மூச்சு நின்று நின்று வந்தது. "ஒரு கொவளைக்கா இந்த அழுவ" என்று மங்கம்மா அதட்ட வந்தாள். நான் விடச் சொன்னேன். தாய் செத்த அன்றும் இவள் அழவில்லை, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள் என்று மங்கம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அழுது முடித்து என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். நான் அவளிடம் சொன்னேன்: "தம்பி திரும்பி வருவான் என்று நான் சொன்னது பொய். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னேன்." அவள், "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். அன்று மாலை கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். கால் வீங்குகிறது, அது சத்தில்லாத வீக்கம் என்று ஐயா சொல்கிறார். ஒவ்வொரு நாளும் லாரி வரும்போது எழுந்து நிற்கிறாள். தகப்பனுக்காகவா, தம்பிக்காகவா என்று நான் கேட்பதில்லை. சயாமிலிருந்து இந்தத் தோட்டத்து ஆள் ஒருவர்கூட இதுவரை திரும்பவில்லை. அவளைச் சிரம்பானுக்கு அனுப்பலாமா என்று ஒருமுறை பேச்செடுத்தேன். "எங்கப்பா இங்கதான தேடி வரும்" என்றாள். அவளுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமல் முடிவுசெய்வதை நான் விட்டுவிட்டேன்.

ஐயா போன வாரம் என்னை அம்மா என்று நினைத்துக் கதைத்தார். "கமலா பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாளே" என்று கேட்டார். வந்துவிட்டாள் என்றேன்.

திலகம்

&nbsp;

சிரம்பான்
19 நவம்பர் 1944

என் திலகம்,

அத்தானை வடக்கே அனுப்புகிறார்கள். சயாம் எல்லைப் பக்கம், ரயில்வே வேலை. எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. மறுக்கமுடியாது. அவர் தன் சைக்கிளை விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கோலாலம்பூரில் தன் தமையன் வீட்டில் போய் இரு என்கிறார். அந்த வீட்டில் பிள்ளையை எந்தப் பாயில் படுக்கவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல ஆட்கள்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துப் பிள்ளையாகத்தான் அங்கே வளரும்.

நான் அங்கே வருகிறேன். அவனைத் திருப்பித் தர வரவில்லை. நானும் அவனோடு வருகிறேன்.

அத்தான் முதலில் சத்தம் போட்டார். டிரசர் வீடு என்றாலும் லயத்துக்குப் பக்கம், காய்ச்சல், பாம்பு என்றார். கடைசியில், "சயாமில் அந்தச் சன்னாசியைக் கண்டால் என்ன சொல்லட்டும்" என்று கேட்டார். அந்த மனிதர் உயிரோடு வரவேண்டும் என்று கோயிலில் நின்று கும்பிடுகிறேன். வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வேன் என்று அதே இடத்தில் நின்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே மனதில்தான் இருக்கிறது. வந்தால் இரண்டு பிள்ளைகளும் அவருடையவை. அதை நான் இப்போதே எழுதிவைக்கிறேன், அந்த நேரத்தில் நான் வேறுமாதிரிக் கதைத்தால் நீ எனக்கு வாசித்துக் காட்டு.

என்னிடம் இருக்கிற பால்மாவையும் ஐயாவுக்குக் கொஞ்சம் சுருட்டையும் கொண்டுவருகிறேன். ஐயா அடையாளம் காணாவிட்டாலும் பரவாயில்லை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததாகச் சொல்.

பெட்டையிடம் நீ சொல்வாயா? அவள் வேண்டாம் என்றால் எனக்கு எழுது.

கமலா

&nbsp;

மந்தின் தோட்டம்
28 நவம்பர் 1944

அன்புள்ள அக்கா,

வாருங்கள். ஆறுமுகம் வெள்ளிக்கிழமை லாரியை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவார். முன்னால் உட்காருங்கள், பின்னால் புகை அடிக்கும்.

உங்கள் கடிதத்தை வாசித்த உடனே பஞ்சாலையைக் கூப்பிட்டுச் சொன்னேன். தம்பி இங்கேயே இருக்கப்போகிறானா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் அவன் என் அக்காவைத்தான் அம்மா என்று நினைக்கிறான், உன்னிடம் உடனே வரமாட்டான் என்றேன். இந்தமுறை எதையும் மறைக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு வரிசையாகக் கேள்விகள்.

"அந்த அம்மாவே குளிப்பாட்டிருவாங்களா?"

குளிப்பாட்டுவார் என்றேன்.

"கஞ்சி?"

அதையும் அவரே காய்ச்சுவார் என்றேன்.

"அப்ப நான் என்னங்க செய்யறது?"

அக்கா, இத்தனை வருசம் படித்தும் அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கவில்லை. நீ ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு அது தண்டனைபோலக் கேட்கும் என்று பயந்தேன். "எனக்கும் தெரியாது, பார்க்கலாம்" என்றேன்.

வாசலுக்கு வெளியே பிள்ளைகள் செம்மண்ணில் கட்டம் கீறி நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் படியிறங்கி அந்தப் பக்கம் போனாள். அவர்கள் கூப்பிடவில்லை, இவளும் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் இதை எழுதும்போதும் அங்கேயேதான் நிற்கிறாள்.

திலகம்